மூன்றரை வயதுப் பிள்ளைக்கு வேதபாடம் எதற்கு?

கேள்வி: "எங்கள் மகளுக்கு மூன்றரை வயது. இப்போதே ஞாயிறு பள்ளிக்கு அனுப்பு, குடும்ப ஜெபத்தில் உட்கார வை என்கிறார் மாமியார். இந்த வயதில் அவளுக்கு என்ன புரியும், நாளைக்கு எதுவும் ஞாபகம்கூட இருக்காது, வளர்ந்து அவளே முடிவு செய்யட்டும் என்கிறார் கணவர். சின்ன வயதிலேயே ஆரம்பிப்பதால் உண்மையிலேயே பலன் உண்டா? இல்லை, பிள்ளையின் மனதில் திணிக்கிறோமா?"

பலன் உண்டு, இப்போதே ஆரம்பியுங்கள். மாமியார் சொல்வது சரி. கணவர் கேட்பதும் நியாயமான கேள்விதான். அதைத் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்லப் பார்க்கிறேன். பல வருடங்களாக எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் மூன்று முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். மற்ற சபைகளின் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் போகிறேன். அந்த அனுபவத்தையும் படித்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பலன் எது என்பதில்தான் நம் சபைகளில் குழப்பம் இருக்கிறது. ஐந்து வயதில் வேதாகமத்தின் 66 புத்தகங்களின் பெயரையும் மூச்சு விடாமல் சொல்கிறாள், ஆண்டு விழாவில் மைக் முன்னால் நின்று ஒரு சங்கீதம் முழுவதையும் ஒப்பிக்கிறாள் என்றால் எல்லோருக்கும் பெருமை. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் சீக்கிரம் ஆரம்பிப்பதன் பலனை நான் அதில் தேடுவதில்லை. கடவுள் தன்னை அறிந்தவர், தன்னை நேசிக்கிறவர், தப்பு செய்தாலும் அவரிடம் போகலாம் என்ற நம்பிக்கை பிள்ளைக்குள் பதிவதுதான் பலன். அது பாடமாகப் படித்து வருவதில்லை. கேள்வி கேட்டு வாதாடும் வயதுக்கு முன்பே, வீட்டிலும் சபையிலும் தன்னைச் சுற்றி நடப்பதைப் பார்த்துப் பிள்ளை அதை எடுத்துக்கொள்கிறது. கோட்பாடு பிறகு வரலாம், வரவும் வேண்டும். அது வந்து நிற்பதற்கு இடம் தயாராவது இந்த வயதில்தான்.

இனி உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். நாம் ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் காத்திருந்தால், பிள்ளையின் மனதில் கடவுளைப் பற்றி எதுவும் எழுதப்படாமல் அந்த இடம் காலியாகவே இருக்கும் என்று நினைக்கிறார். அப்படி இருப்பதில்லை. எங்கள் வகுப்பில் ஒரு பையன் பக்கத்தில் இருந்தவளின் க்ரேயானை உடைத்துவிட்டான். அடுத்த நிமிடம் இரண்டு உள்ளங்கைகளாலும் கண்களை இறுகப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அழவில்லை, கையை மட்டும் எடுக்கவே மாட்டேன் என்கிறான். மெதுவாகக் கேட்டபோது, "இயேசப்பா கண்ணைக் குத்திருவாங்க" என்றான். நம் ஊரில் "சாமி கண்ணைக் குத்தும்" என்று பிள்ளைகளை மிரட்டுவது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். கிறிஸ்தவ வீடுகளில் பெயர் மட்டும் மாறுகிறது. அந்தப் பையனுக்கு யாரும் வேதபாடம் நடத்தியிருக்கவில்லை, அவன் வகுப்புக்குப் புதிதாக வந்தவன். ஆனாலும் கடவுளைப் பற்றிய முதல் பாடத்தை ஏற்கெனவே படித்துவிட்டுத்தான் வந்திருந்தான். சாப்பிடாவிட்டால் சாமி கோபிக்கும், பொய் சொன்னால் நாக்கு அறுந்துவிடும், தாத்தாவைச் சாமி கூட்டிக்கொண்டு போய்விட்டது என்று நாம் போகிற போக்கில் உதிர்க்கும் சொற்களையெல்லாம் பிள்ளை பொறுக்கிக்கொண்டே இருக்கிறது. நாம் சொல்லிக்கொடுக்காவிட்டாலும் அது தானாக ஒரு கடவுளை உருவாக்கிக்கொள்ளும். அர்ஜென்டினாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர் அனா மரியா ரிசுட்டோ இதை 1970-களில் விரிவாக ஆராய்ந்தார். கடவுளைப் பற்றிய உருவம் பிள்ளையின் மனதில் பெற்றோருடனான ஆரம்ப உறவிலிருந்தே உருவாகத் தொடங்குகிறது என்பது அவர் கண்டது.

எனவே உங்கள் வீட்டின் முன்னால் இருக்கும் கேள்வி வேறு. மகள் கடவுளைப் பற்றிய எண்ணத்தை இப்போது உருவாக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் வாய்ப்பு உங்களுக்கு இல்லை, அது நடந்துகொண்டே இருக்கிறது. யாரிடமிருந்து, எந்த முகத்தோடு அது வருகிறது என்பதைத்தான் நீங்கள் முடிவு செய்ய முடியும். வளர்ந்த பிறகு அவள் ஏற்பதும் மறுப்பதும் அவள் உரிமை. அப்போதும் கண்ணைக் குத்தும் ஒருவரை மறுப்பதைவிட, நேராகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட இயேசுவை அறிந்து முடிவெடுப்பதுதானே நல்லது?

ஞாபகம் இருக்காது என்பதில் பாதி உண்மை. பெரியவர்களுக்குப் பொதுவாக மூன்று வயதுக்கு முந்தைய சம்பவங்கள் நினைவில் நிற்பதில்லை. ஆனால் சம்பவம் மறந்துபோகும், பழக்கமும் உணர்வும் தங்கும். அம்மாவின் மடியில் சாய்ந்து இரவு ஜெபம் கேட்ட முதல் நாள் எது என்று யாருக்கும் தெரியாது. பயம் வரும்போது ஜெபத்தைத் தேடும் பழக்கம் மட்டும் அறுபது வயதிலும் இருக்கிறது.

சீக்கிரம் ஆரம்பிப்பது நம் காலத்து யோசனையும் இல்லை. உபாகமம் 6-ஆம் அதிகாரத்தில் மோசே, "நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும்" பிள்ளைகளிடம் பேசச் சொல்கிறார். வகுப்பறையோ மணி அடிப்பதோ அங்கே இல்லை. வீட்டில் அன்றாடம் நடப்பதுதான் பாடவேளை. எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையில் பிள்ளைகள் இதன் கருத்து என்ன என்று கேட்கும்போது பதில் சொல்லுங்கள் என்கிறது யாத்திராகமம் 12. இஸ்ரவேலர் யோர்தான் நதியைக் கடந்ததும் கரையில் பன்னிரண்டு கற்களை நாட்டியதும் அப்படித்தான், பிற்காலத்தில் பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள் என்று. முதலில் பிள்ளை பார்க்கும்படி ஒன்றைச் செய்வது, பிள்ளை கேட்ட பிறகு விளக்குவது. இந்த வரிசையை நாம் தலைகீழாக்கி, பிள்ளை கேட்காத கேள்விக்குப் பதிலை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். தன் இளம் உடன் ஊழியனான தீமோத்தேயு வேத எழுத்துக்களைச் சிறுவயது முதல் அறிந்தவன் என்று பவுல் அவனுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் சொல்கிறார். அதே கடிதத்தின் முதல் அதிகாரத்தில் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைக்கிறார். தீமோத்தேயுவின் தகப்பன் யூதன் அல்ல, கிரேக்கன் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. உங்கள் மாமியார் லோவிசாளின் இடத்தில் இருக்கிறார் என்று உங்கள் கணவரிடம் சொல்லிப் பாருங்கள்.

சிறுபிள்ளைக் கல்வி என்ற துறை வளர்ந்ததிலும் பிள்ளைக்கு வேதம் சொல்லிக்கொடுத்தவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மொராவிய சபையின் பிஷப்பாக இருந்த கொமேனியஸ் 1630-களிலேயே முதல் ஆறு வருடங்களைத் தாயின் பள்ளிக்கூடம் என்று தனியாகப் பிரித்து எழுதினார். அல்சாஸ் மலைப்பகுதியில் வால்டர்ஸ்பாக் என்ற ஏழைக் கிராமத்துக்கு 1767-இல் போதகராகப் போன ஓபர்லின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். பெற்றோர் வயலுக்குப் போனபின் சின்னப் பிள்ளைகள் கவனிப்பாரில்லாமல் திரிவதைக் கண்டு, சாரா பன்சே, பிறகு லூயிஸ் ஷெப்லர் போன்ற இளம்பெண்களைக் கொண்டு அவர்களைச் சூடான அறையில் கூட்டினார். அங்கே பின்னல் வேலை, பாட்டு, வேதக் கதை, செடிகொடிகளின் பெயர், வரைபடம் என்று எல்லாம் கலந்து நடந்தது. ஐரோப்பாவின் முதல் மழலையர் பள்ளிகளில் ஒன்றாக அதை இன்றும் குறிப்பிடுகிறார்கள். இங்கிலாந்தின் க்ளாஸ்டர் நகரில் 1780-இல் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஞாயிறு பள்ளியும், வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கொடுக்கத்தான் வந்தது. நம் தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, அடுத்த ஆண்டிலேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி ஆரம்பித்தார். பிள்ளைக்கு வேதம் சொல்லிக்கொடுத்தவர்கள் அதோடு எழுத்தும் தொழிலும் சோறும் கொடுத்தார்கள்.

இந்த வயதுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்பதில் நான் அதிகம் கற்றுக்கொண்டது ரோமைச் சேர்ந்த சோஃபியா கவல்லெட்டியிடமிருந்து. எபிரேய வேத அறிஞர் அவர். மரியா மாண்டிசோரியிடம் பயின்ற ஜான்னா கொப்பியுடன் சேர்ந்து 1954-இல் சிறுபிள்ளைகளுக்கான மறைக்கல்வியைத் தொடங்கினார். (மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்கிப் பயிற்சி நடத்தியது பலருக்கும் தெரிந்திருக்கும்.) மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் எதை விரும்பித் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று கவல்லெட்டி பல ஆண்டுகள் கூர்ந்து பார்த்தார். அவர்களை அதிகம் ஈர்த்தது நல்ல மேய்ப்பன். யோவான் 10-இல் மேய்ப்பன் ஆடுகளைப் பேர்சொல்லிக் கூப்பிடும் பகுதி. ஒழுக்கப் பாடங்களில் பிள்ளைகளுக்கு உண்மையான ஆர்வம் ஆறு வயதுக்குப் பிறகுதான் வருகிறது, அதற்கு முன் அவர்களுக்குத் தேவை நான் நேசிக்கப்படுகிறேன் என்ற உறுதி என்பது அவர் கண்ட வழி.

இதை எந்தச் செலவும் இல்லாமல் நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நாங்கள் வகுப்பில் அட்டையில் வெட்டிய ஆடுகள், ஒரு மேய்ப்பன், ஐஸ் குச்சிகளால் செய்த பட்டி, இவ்வளவுதான் வைத்திருக்கிறோம். கதையை ஒரு தடவை சொல்லிவிட்டுப் பொம்மைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவோம். ஒரு பெண் குழந்தை ஒவ்வொரு ஞாயிறும் வந்து ஒரே வேலையைச் செய்வாள். எல்லா ஆடுகளையும் உள்ளே விடுவாள், ஒன்றை எடுத்து மேசைக்கு அடியில் ஒளித்து வைப்பாள், மேய்ப்பனைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்பு முழுக்கத் தேடுவாள். ஒளித்தது அவளே, ஆனாலும் தேடுவாள். கண்டுபிடித்ததும் ஆட்டுக்கு வகுப்பில் உள்ள ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். அன்று வராத பிள்ளையின் பெயராகத்தான் பெரும்பாலும் இருக்கும். நாங்கள் யாரும் அதை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இவளுக்கு என்ன புரியும் என்று யாராவது கேட்டால் எனக்கு அவள்தான் நினைவுக்கு வருவாள்.

எந்தக் கதையைச் சொல்லுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். வேதத்தில் உள்ள எல்லாக் கதையும் எல்லா வயதுக்கும் ஆனதில்லை. சிருஷ்டிப்பு, காணாமல் போன ஆடு, மரத்தில் ஏறிய சகேயு, ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் கொண்டுவந்த பையன், புயலை அமர்த்திய இயேசு, சிறுபிள்ளைகளை அணைத்துக்கொண்ட இயேசு ஆகியவை உங்கள் மகளுக்கு இப்போதே ஏற்றவை. நோவாவின் பேழையை நாம் பொம்மைக் கதைபோலச் சொல்லிவிடுகிறோம், ஒட்டகச்சிவிங்கி தலையை நீட்டிக்கொண்டிருக்கும் படத்தோடு. நாலு வயதுப் பிள்ளை ஒன்று என்னிடம், "மிஸ், ஏறாதவங்க எல்லாம் எங்க போனாங்க?" என்று கேட்டது. கேட்க வேண்டிய கேள்வி; நாலு வயதில் தாங்கக்கூடிய பதில் அதற்கு இல்லை. ஈசாக்கைப் பலியிடப் போனதும் அப்படித்தான், "அப்பா என்னையும் அப்படிச் செய்வாங்களா?" என்று இரவில் கேட்கும் பிள்ளைகள் உண்டு. ஏழெட்டு வயது வரை அவை காத்திருக்கலாம். சிலுவையை மறைக்கக் கூடாது, ஆனால் இரத்தத்தையும் ஆணியையும் வர்ணிக்கவும் கூடாது. இயேசு இறந்தார், மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தார் என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். பெரிய வெள்ளி பாடத்தை முடித்துவிட்டு, மீதி அடுத்த வாரம் என்று சின்னப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பாதீர்கள் என்று பயிற்சிகளில் கெஞ்சிக் கேட்பேன்.

பாட்டும் வசனமும் பற்றிக் கொஞ்சம். நாலைந்து வயதில் ஓசை நயத்தோடு காதில் விழுவது அப்படியே ஒட்டிக்கொள்ளும். அதனால் வசனம் கற்றுக்கொடுப்பது நல்லதே. சின்னச் சின்னதாக, பிள்ளைக்குப் பயன்படும் சூழ்நிலையோடு சேர்த்துக் கொடுங்கள். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்ற வரியை ஆட்டுக் கதையோடும், "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்ற வரியை இடி இடிக்கும் இரவிலும் சொன்னால் போதும். பரமண்டல ஜெபத்தைச் சபையில் சொல்லும் அதே பழைய தமிழில் பழக்குங்கள். முழுக்கப் புரியாது, பரவாயில்லை, எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது அவளும் சொல்லலாம். கதையை மட்டும் வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள். இன்னொன்று, எல்கேஜியிலிருந்தே ஆங்கிலம் என்பதால் ஜெபத்தையும் ஆங்கிலத்துக்கு மாற்றிவிடும் வீடுகள் பெருகிவிட்டன. வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள் என்றால் தமிழிலேயே ஜெபியுங்கள். பாட்டியோடு சேர்ந்து ஜெபிக்கத் தெரியாத, பாமாலை என்ற நம் தமிழ்ப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரிகூட வாசிக்க முடியாத பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனது வலிக்கிறது.

ஜெபம் பிள்ளைக்குக் கொடுக்கும் இன்னொரு கொடை, மனதில் உள்ளதைச் சொல்ல வார்த்தை. நன்றி, மன்னிப்பு, உதவி, துக்கம். எங்கள் வகுப்பில் ஒரு குழந்தையின் தாத்தா இறந்துபோனார். அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு ஜெபநேரத்தில் அவள், "இயேசப்பா, தாத்தாவுக்கு ராத்திரி இருமல் வரும், பாத்துக்கோங்க" என்றாள். பெரியவர்கள் அந்த வாரம் முழுக்க அவள் முன்னால் தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. அதை யாரிடம் சொல்வது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. இந்த வார்த்தைகளைத் துக்கம் வந்தபின் கற்றுக்கொடுக்க முடியாது, அதற்கு முன்பே பழகியிருக்க வேண்டும்.

இதெல்லாம் ஞாயிறு பள்ளியில் நடந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். எங்கள் கையில் பிள்ளை வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. மீதி நேரமெல்லாம் உங்களோடு. கான்வென்ட்டில் சேர்த்துவிட்டோம், அங்கே பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணமும் சரியில்லை. கிறிஸ்தவப் பள்ளிகள் தேசத்துக்குச் செய்த தொண்டு பெரிது, ஆனால் காலைக் கூட்டத்து ஜெபமும் வாரம் ஒரு வேதபாட வகுப்பும் வீட்டின் இடத்தை நிரப்பாது. தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வெர்ன் பெங்ட்சன் 1970-இல் தொடங்கி 350-க்கும் மேற்பட்ட குடும்பங்களை, நாலு தலைமுறைகளாகத் தொடர்ந்து ஆராய்ந்தார். பெற்றோரின் விசுவாசம் பிள்ளைகளிடம் தங்குகிறதா என்பது பெற்றோர் எவ்வளவு பக்தியாக இருந்தார்கள் என்பதோடு நிற்கவில்லை. பிள்ளையோடு எவ்வளவு அன்பாக, நெருக்கமாக இருந்தார்கள் என்பது பெரிய வித்தியாசத்தைக் காட்டியது, அதிலும் தகப்பனின் பாசம். தாத்தா பாட்டிகளின் பங்கும் அந்த ஆய்வில் தெளிவாகத் தெரிந்தது. அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றிய ஆய்வு என்றாலும் நம் சபைகளில் நான் பார்ப்பதும் இதுதான். ஜெபத்துக்கு வராவிட்டால் அடித்து இழுத்து உட்கார வைக்கும் வீட்டில் பிள்ளை ஜெபத்தோடு அடியையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது.

இதனால்தான் உங்கள் கணவர் ஒதுங்கி நிற்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. மார்ட்டின் லூத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடநூலில் ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பாக, குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு இதை எளிமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய விதம் என்றே போட்டிருக்கிறார். அவர் அதை ஒப்படைத்தது வீட்டுக்காரர் கையில். குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் சபையாக இருந்தால் அன்றைக்கே பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பிள்ளையை விசுவாசத்தில் வளர்ப்போம் என்று சபை முன்னால் வாக்குக் கொடுத்திருப்பீர்கள். பிள்ளையைப் பிரதிஷ்டை செய்யும் சபையாக இருந்தாலும் பொருத்தனை பெற்றோருடையதே. உங்கள் கணவருக்கு விசுவாசத்தில் சந்தேகங்கள் இருக்கலாம். அதை மறைத்து நடிக்க வேண்டாம். ஒரு கதையை மடியில் வைத்துச் சொல்ல அந்தச் சந்தேகங்கள் தடையில்லை.

திணிப்பது பற்றிய அவர் பயத்தில் எனக்கு முழுச் சம்மதம் உள்ள இடங்களும் உண்டு, அவற்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நரகத்தைக் காட்டி நாலு வயதுப் பிள்ளையைப் பயமுறுத்துவது தவறு. மே மாத வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) கடைசி நாளில், யாரெல்லாம் இயேசுவை ஏற்றுக்கொள்கிறீர்கள், கை தூக்குங்கள் என்று எல்கேஜி பிள்ளைகளிடம் கேட்டு எண்ணிக்கை எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. அந்த வயதில் மிஸ்ஸுக்குப் பிடிக்கும் என்றால் எதற்கும் கை தூக்கும். "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" என்று கொலோசெயர் நிருபம் சொல்லும் எச்சரிக்கை ஆசிரியர்களுக்கும்தான்.

கீழ்ப்படிதலைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. பெரியவர்கள் என்ன சொன்னாலும் கேட்க வேண்டும், அதுதான் இயேசுவுக்குப் பிடிக்கும் என்று மொத்தமாகச் சொல்லிவைக்காதீர்கள். யாராவது தொடக்கூடாத இடத்தில் தொட்டால், இதை யாரிடமும் சொல்லாதே என்றால், அங்கிளோ ஆன்ட்டியோ ஊழியக்காரரோ யாராக இருந்தாலும் மறுக்கலாம், ஓடி வந்து அம்மாவிடம் சொல்லலாம், அப்படிச் செய்தால் இயேசு உன் பக்கம் என்று சொல்லிக்கொடுங்கள். உங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் வகுப்புக்கு இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்களா, கதவு திறந்திருக்கிறதா, கழிப்பறைக்கு யார் கூட்டிப்போகிறார்கள் என்று கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். 2012-இன் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரியது. சபைக்கு இதில் விலக்கு இல்லை.

அப்புறம் அக்கம்பக்கம். உங்கள் மகளின் வகுப்பில் பாதிக்கு மேல் வேறு மதத்துப் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள். பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டையும் ரம்ஜானுக்கு பிரியாணியும் வீட்டுக்கு வரும். அவள் கேட்பாள்: "அவங்க ஏன் வேற சாமி கும்பிடுறாங்க?" நம் வீட்டில் இயேசுவைக் கும்பிடுகிறோம், அவர்கள் வீட்டில் வேறு விதமாகக் கும்பிடுகிறார்கள், எல்லோரையும் நேசிக்கச் சொன்னார் இயேசு என்று சொன்னால் இந்த வயதுக்குப் போதும். தோழியின் வீட்டைக் குறைவாகப் பேசக் கற்றுக்கொடுத்தால் நீங்கள் அவளுக்குக் கொடுப்பது கிறிஸ்தவக் கல்வியாக இருக்காது. நல்ல சமாரியன் கதையை இயேசு சொன்னது தன் சொந்த ஜனத்துக்கு, அவர்கள் ஒதுக்கிவைத்த ஒருவனை நல்லவனாகக் காட்டி.

எல்லாம் ஒழுங்காகச் செய்தால் பிள்ளை கட்டாயம் விசுவாசத்தில் நிற்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். "பிள்ளையானவனை நடக்கவேண்டிய வழியிலே நடத்து, அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்" என்ற நீதிமொழியை ஒப்பந்தம் போலப் பிடித்துக்கொண்டு, சபையை விட்டுப்போன பிள்ளைகளுக்காகத் தங்களையே குற்றப்படுத்திக்கொண்டு வாடும் பெற்றோரை நான் அறிவேன். நீதிமொழிகள் வாழ்க்கை பொதுவாக எப்படி நடக்கிறது என்று சொல்லும் ஞான வாக்குகள். ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்த உத்தரவாதமாக அவற்றை வாசிப்பது அந்தப் பெற்றோருக்குச் செய்யும் அநியாயம்.

சரி, எப்படி ஆரம்பிப்பது? இன்று இரவே ஆரம்பிக்கலாம். படுக்கப் போகும் முன் ஐந்து நிமிடம் போதும், பத்தைத் தாண்டினால் அவள் நெளிய ஆரம்பித்துவிடுவாள். ஒரு பாட்டு, ஒரு சின்னக் கதை, ஒரு ஜெபம். ஒரே கதையை ஒரு வாரம் முழுக்கச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அது அலுக்காது. ஜெபத்தில் இன்று எது சந்தோஷமாக இருந்தது, எது கஷ்டமாக இருந்தது என்று அவளையே சொல்ல விடுங்கள். நாய்க்குட்டிக்காக ஜெபித்தால் திருத்தாதீர்கள். அன்று நீங்கள் அவள்மேல் தேவையில்லாமல் கத்தியிருந்தால், அவள் காதுபடக் கடவுளிடமும் அவளிடமும் மன்னிப்புக் கேளுங்கள். மன்னிப்பைப் பற்றி நான் வகுப்பில் சொல்லும் எந்தப் பாடமும் அதற்கு ஈடாகாது. குடும்ப ஜெபம் உங்கள் வீட்டில் நீளமாக நடக்கும் என்றால் முதல் பாட்டு வரை அவளை உட்கார வைத்து, அப்புறம் படம் வரைய விட்டுவிடுங்கள். அறுப்பின் பண்டிகைக்கு அவள் கையாலேயே ஒரு பூசணிக்காயையோ கீரைக்கட்டையோ கொண்டுபோய் வைக்கட்டும், ஞாயிறன்று காணிக்கையை அவளே போடட்டும். சபை தன்னுடையது என்பது பிள்ளைக்குக் கைவழியாகத்தான் தெரியவரும்.

ஞாயிறு பள்ளிக்கு அனுப்பும்போது முதல் சில வாரங்கள் நீங்களும் வகுப்பின் பின்வரிசையில் உட்காருங்கள், நல்ல ஆசிரியர் யாரும் மறுக்க மாட்டார். அழுதால் கட்டாயப்படுத்தாமல் அழைத்துவந்து அடுத்த வாரம் மறுபடி கூட்டிப்போங்கள். வகுப்பு முடிந்து வரும்போது "என்ன வசனம் படிச்ச, ஒப்பி பார்க்கலாம்" என்று கேட்காமல், இன்று யாரைப் பற்றிக் கதை கேட்டாய் என்று கேளுங்கள். முடிந்தால் அந்தக் கேள்வியைக் கணவர் கேட்கட்டும்.